விழுந்துகொண்டே இருப்பவள்

உள்ளறையில் டம்ளர் உருண்டது.

எவர்சில்வர் டம்ளர். சிமெண்ட் தரையில் விழுந்து, கடகடவென்று ஓடி, எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. பட்டறையில் ஈர உப்புத்தாளால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்தார். அந்தச் சத்தம் அவருக்கானது. வாழ்நாள் முழுவதும் உளிச் சத்தத்தில் கிடந்த காதுக்கு மனைவியின் குரல் எட்டாது. ஆனால் டம்ளர் உருண்டால் எட்டிவிடும். தண்ணீர் வேண்டுமென்றாலும், புரட்டிப் படுக்க வேண்டுமென்றாலும் அவள் டம்ளரைத் தள்ளிவிடுவாள். அவர் ஓடி வந்து கவனித்துவிட்டு, போகும்போது அதை எடுத்து மறுபடி அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

"இந்த வீட்டுல இப்ப ஓடியாடித் திரியறது டம்ளர் ஒண்ணுதான்" என்று பார்க்க வருகிறவர்களிடம் அவள் சொல்லிச் சிரிப்பாள். வந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இன்று தள்ளிவிட்ட சத்தமில்லை. வீசி எறிந்த சத்தம். அவர் கைச் சேற்றைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

"என்ன, வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. போய்க் கதவைத் திறங்க. உங்க மக வந்து நிக்கறா."

கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியாகத் தெரு தெரியும். அவளுக்கு மிச்சமிருந்த உலகமே அந்த ஜன்னல்தான். அவர் நம்பாமல் நின்றார்.

"யாரு, நம்ம மகளா?"

"இல்ல, தெருவுக்குத் தெரு ஒண்ணு பெத்து வெச்சிருக்கீங்க, அதுல ஒண்ணு. மழைத் தூத்தல்ல நனையறா, போய்த் திறங்களேன்!"

கதவைத் திறந்தார். குடையை மடக்கியபடி மகள் நின்றாள். தோளில் ஒரு சின்னப் பை. ஒரு நாளைக்கு மேல் தங்க வருகிறவள் கொண்டுவரும் பை இல்லை அது. வீட்டை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்த ஒரு வருடமும் அவர் மனதுக்குள் அவளிடம் பேசாத நாளில்லை. இப்போது அவள் முன்னால் நிற்கும்போது கதவை இன்னும் அகலத் திறந்துவிட மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா முழிச்சிருக்காங்களா?" என்றாள், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

"முழிச்சுத்தான் இருக்கா."

அவ்வளவுதான். அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

இந்தத் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல் வேலை செய்கிறவர்கள் அவரைக் காத்தாடி என்பார்கள். உடம்பு ஒல்லி என்பதால் வந்த பெயரில்லை. அவர் செதுக்கும் கல்லில் காற்றடிக்கும், அதனால் வந்த பெயர். "காத்தாடி செஞ்ச சிலைக்குப் பக்கத்துல சட்டை போடாம நிக்காதீங்கடா, சளி பிடிச்சுக்கும்" என்று பட்டறையில் பெயர்க்கல் வெட்டும் எழுத்துக்காரர் சத்தம் போட்டுச் சொல்வார். அந்தக் கேலிக்குள் ஒரு பொறாமை இருந்தது. எழுத்துக்காரர் வெட்டிய எழுத்துகள் வெட்டிய இடத்திலேயே நின்றன. காத்தாடி செதுக்கியவர்கள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் வெள்ளை விரிப்புகளைத் துவைத்து, வரிசை வரிசையாகக் கொடியில் போடுவார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவில் வளர்ந்த குழந்தை அவர். காற்று வந்தால் விரிப்பு ஆள் நிற்பதுபோல் உப்பும். தோள் தெரியும், முழங்கால் தெரியும், யாரோ எட்டி நடப்பது தெரியும். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் குழந்தை. உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். ஈரத்துணி முகத்தில் அறையும். மறுபடி ஓடுவான்.

அப்பா முகத்தையே பார்த்திராத குழந்தை, அந்தத் துணிக்குள் யாரைத் தேடினானோ!

வளர்ந்தபின் கல் பட்டறையில் சேர்ந்தார். முதலில் சமையல் மேடைக் கல், அப்புறம் வாசல்படிக் கல். உடைந்து மூலையில் கிடந்த ஒரு துண்டுக் கல்லில், சாப்பாட்டு நேரங்களில், ஒரு கொடியும் அதில் ஒரு துணியும் செதுக்கினார். பட்டறை முதலாளி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்னய்யா இது, ஈரமா இருக்கு?" என்றார். கல் காய்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து மேடைக் கல் வேலை நின்றது. உருவங்கள் செய்ய வைத்தார்கள். பிறகு வீட்டோடு ஒட்டிச் சொந்தப் பட்டறை போட்டுக்கொண்டார்.

அசைவைப் பற்றி அவருக்கு ஒரு பிடிவாதமான எண்ணம் இருந்தது. மற்ற சிற்பிகள் ஓடுகிற பெண்ணைச் செய்தால் முடியைப் பறக்கவிடுவார்கள். "முடி பறந்தா ஓடறதா அர்த்தமா? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் முடி பறக்கும்" என்பார் இவர். "ஓட்டம் கால்லயும் இல்ல. ஒடம்பு ஒரு இடத்தை விட்டிருக்கணும். இன்னொரு இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கக் கூடாது. அந்த நடுவுல ஒரு பயம் இருக்கு பாருங்க, அதைக் கல்லுல வெச்சுட்டா போதும். கல்லு தானா நகரும்."

அந்தப் பயத்தைத் தேடியே அவர் மனிதர்களைப் பார்த்தார். அதுதான் அவருக்கு வந்த வரம். அதுவே அவருக்கு வந்த சாபம்.

மனைவியை முதலில் பார்த்ததும் அப்படித்தான். ஒரு பஸ்ஸைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு வார் அறுந்து, ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும் அந்த ஓட்டம் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. முகத்தைப் பார்க்கவே மறந்துவிட்டார். பிறகு தினமும் அந்த நிறுத்தத்துக்குப் போய் நின்றார். கடைசியில் அவளே வந்து கேட்டாள்.

"யாரைத் தேடறீங்க? தினமும் நிக்கறீங்க."

"ஒரு பொண்ணு. ஒத்தைச் செருப்போட பஸ்ஸுக்கு ஓடினாங்க."

"அது நான்தான்."

"அப்படியா? நிக்கறப்ப அடையாளமே தெரியல."

"அப்போ நான் ஓடிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள் அந்தப் பெண். அந்தச் சிரிப்பில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பாவம், தான் கேட்ட கேள்விக்கு வாழ்க்கை என்ன பதில் வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் செய்த பெண்கள் எல்லாம் அவள்தான். "இந்த மனுஷன் என்னைக் கட்டினது சமைக்கறதுக்கு இல்ல, நடக்கறதுக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். வாளியைத் தூக்கும்போது, துணி உதறும்போது, குழந்தையை இடுப்பு மாற்றும்போது, எந்த நேரத்திலும் பட்டறைப் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்: "அப்படியே இரு!" உடனே அசையாமல் நிற்க வேண்டும். அவர் சுற்றி வந்து முழங்கையைப் பார்ப்பார், குதிகாலைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். போதும் என்று சொல்ல ஒருநாளும் ஞாபகம் இருக்காது.

மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பல் தேய்க்கும்போது அந்தக் குரல் வந்தால் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி, நுரை வழிய, ஒற்றைக் காலில் நிற்பாள். "அப்பா, போதுமாப்பா? நுரை வயித்துக்குள்ள போகுதுப்பா!" என்று கத்துவாள். அம்மா வந்து, "அவர் போய் ரொம்ப நேரம் ஆச்சுடி, காலைக் கீழே வை" என்று சொல்லி முகத்தைக் கழுவிவிடுவாள். சிரிப்பும் கூத்துமாக இருந்த வீடுதான் அது.

ஒரு நாடக அரங்கத்திலிருந்து அந்த வேலை வந்தது. முன்கூடத்து மாடிப்படி அருகில் வைக்க, படியிறங்கி வரும் ஒரு பெண் வேண்டும், ஆளுயரத்துக்கு. காத்தாடி களிமண்ணில் செய்து செய்து கலைத்தார். எதுவும் இறங்கவில்லை. எல்லாம் ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு நின்றன.

சமையலறைக் கதவிலிருந்து பட்டறை முற்றத்துக்கு இறங்கச் செங்குத்தான கல்படிகள் உண்டு. மனைவியை அதில் இறங்கச் சொன்னார். துணி காலோடு ஒட்டினால்தான் தொடையின் திருப்பம் தெரியும் என்று அவரே ஒரு செம்பு தண்ணீரை அவள் இடுப்புக்குக் கீழே ஊற்றினார். இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"கால் ஓஞ்சு போச்சுங்க. நாளைக்கு வெச்சுக்கலாமே."

"ஒரே ஒரு தடவை. இந்த ஒரு தடவை மட்டும்."

அந்த ஒரு தடவையில் படியில் வழிந்திருந்த தண்ணீரில் இடது கால் வழுக்கியது.

அவர் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் உடம்பு படியை விட்டுச் சரிந்தது. ஈரத்துணி பின்னால் எழும்பியது. வலது கை, பிடிமானம் தேடி, நேராக அவரை நோக்கி வந்தது. கணவன் அங்கே இருக்கிறான், பிடித்துக்கொள்வான் என்று நம்பி வந்த கை அது.

அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அப்படியே இரு!"

சமையலறை ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் அதைக் கேட்டாள். பார்த்தாள். அடுத்த நொடி அம்மாவின் முதுகெலும்பு படி விளிம்பில் மோதிய சத்தத்தையும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, வரவும் வராது என்று டாக்டர் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். பஸ்ஸைத் துரத்தி ஓடிய கால்களைக் கணவனும் மகளும் ஆளுக்கு ஒன்றாகத் தாங்கிக் கட்டிலில் ஏற்றி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நெடுநாள் அவர் உளியைத் தொடவில்லை. அவளைக் குளிப்பாட்டினார், துடைத்தார், புரட்டிப் படுக்க வைத்தார், தலை பின்னிவிட்டார். அந்த மூன்று பேரில் யாரும் அந்த இரண்டு வார்த்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவசரத்தில் ஏதோ உளறியிருப்பார் என்று மகள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கண் மூடித் திறப்பதற்குள் நடந்த காரியம், யாரால்தான் என்ன செய்திருக்க முடியும்? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அப்பாவுக்குச் சோறு போட்டாள்.

ஒரு நாள் பட்டறையில் மறுபடி உளிச் சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் சந்தோஷப்பட்டார்கள். மனிதர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்று மகள் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மூடியிருந்த தார்ப்பாய் விலகி, கல் பாதி உருவமாகி நின்றது. படியிறங்கும் பெண் இல்லை. படியை விட்டுச் சரியும் பெண். பின்னால் எழும்பிய துணி. முன்னால் நீண்ட கை. கழுத்து நரம்பு புடைத்தது, உள்ளங்கை விரிந்தது, துணி எந்த இடத்தில் தொடையோடு ஒட்டி எந்த இடத்தில் பிரிந்தது என்பது வரை எல்லாம் இருந்தது.

"அப்பா, இது அன்னிக்கு..."

"ஆமாம்மா."

"இவ்வளவையும் பார்த்தீங்களா?"

அவர் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காதோரம் முடி எந்தப் பக்கம் போச்சுன்னுகூடப் பார்த்திருக்கீங்க. அப்போ நேரம் இருந்திருக்கு." அவள் கல்லின் நீண்ட கையைக் காட்டினாள். "பிடிக்க நேரம் இருந்திருக்குப்பா!"

அவளே தன் மனதில் அவருக்காகக் கட்டி வைத்திருந்த சமாதானத்தை, அவரே தன் கையால் செதுக்கி உடைத்துவிட்டார். டீ டம்ளரைக் கல்லின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அம்மாவுக்கு மட்டும் ஃபோன் வரும்.

அவர் ஏன் அதைச் செதுக்கினார்? அவருக்கே தெரியாது. கண்ணை மூடினால் அந்தக் கை வந்தது. இறங்கும் பெண்ணைச் செய்யத்தான் உட்கார்ந்தார். உளி செய்தது விழும் பெண்ணைத்தான். அரங்கத்து மேலாளர் பார்க்க வந்தபோது, கேட்டது இது இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சட்டென்று கையை நீட்டி ஓரடி முன்னால் வந்துவிட்டார். பிறகு வெட்கப்பட்டுக் கையைப் பையில் விட்டுக்கொண்டார். "என்னங்க இது, பிடிக்கணும்போல இருக்கு! இதையே எடுத்துக்கறோம்" என்றார். அளவெடுக்க வந்த லாரிக்காரரும் கையை நீட்டினார். எழுத்துக்காரர் கேலி பேச வந்தவர், இரண்டு கையையும் நீட்டிவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்.

எல்லோருடைய கையும் நீண்டது. நீள வேண்டிய நேரத்தில் நீளாதது ஒரு கைதான்.

ஆனாலும் காத்தாடிக்கு நிறைவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எந்த இடம் என்று அகப்படவில்லை. மாதக்கணக்காகத் தேடினார். நாளைக் காலை லாரி வருகிறது.

இன்று மகள் வந்திருக்கிறாள்.

உள்ளறையில் தாயும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, ஒருவர் குறையை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இப்படி இளைச்சுட்ட?"

"நீ பெருத்துட்ட, அதான் நான் இளைச்ச மாதிரி தெரியுது."

"படுத்துக் கிடந்தா பெருக்காம? ஓடிப்போய் இளைக்கச் சொல்றியா?"

"இதென்னம்மா பின்னல், கயிறு மாதிரி?"

"உங்க அப்பா போட்டது. இறுக்கிப் போடாதீங்க, கண்ணு நெத்திக்கு ஏறுதுன்னா கேட்டாத்தானே. கல்லுன்னு நெனச்சுட்டார் போல." அவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அறை வாசலில் நின்றவரை மகள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் வந்தபின் இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறாள்.

"நாளைக்கு லாரி வருதாமே?"

"ஆமாம்மா."

"அம்மா ஃபோன்ல சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன்." பை இன்னும் அவள் தோளிலேயே இருந்தது. "அது அங்கே போகக் கூடாதுப்பா. போறவங்க வர்றவங்க எல்லாம், டிக்கெட் வாங்கறவன் எல்லாம், எங்க அம்மா விழறதை நின்னு வேடிக்கை பார்க்கணுமா? நீங்க பார்த்தது போதாதா?"

"நான் இனி..."

"உடைச்சுடுங்க. இன்னிக்கே. நீங்க உடைச்சுட்டீங்கன்னா, போய்ப் பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன். இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கறேன். அம்மாவைக் கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கறேன். உங்களையும்தான். பழசை ஒரு வார்த்தை பேச மாட்டேன். சத்தியமா பேச மாட்டேன்ப்பா."

கடைசி வார்த்தையில் குழந்தைக் காலத்துக் குரல் எட்டிப் பார்த்தது. நுரை வழிய ஒற்றைக் காலில் நின்ற அந்தக் குரல். அவர் மனைவியைப் பார்த்தார்.

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல" என்றாள். "நடன்னீங்க, நடந்தேன். நில்லுன்னீங்க, நின்னேன். கல்லுல நான் எவ்வளவு அழகா இருக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க, அதுக்குச் சந்தோஷப்பட்டேன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க என்ன செதுக்கறீங்கன்னு தெரிஞ்சும், ஒரு வார்த்தை சொல்லல." மகளின் கையை இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். "எனக்கு என் பொண்ணு வேணுங்க. பக்கத்துல வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"சரி" என்றார் அவர்.

ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. அந்தச் சரியைச் சொன்னவுடன், நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. தலையாட்டினார். பட்டறைக்குப் போனார். பாறை பிளக்கும் பெரிய சம்மட்டியைச் சுவரோரத்திலிருந்து இழுக்கும் ஓசை உள்ளே கேட்டது.

தாய் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

சத்தமில்லை.

"தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார். கயிறு அவிழ்க்கணும்ல" என்றாள் தாய்.

ஜன்னலில் தூறல் வலுத்தது.

"சம்மட்டி கனம். வயசாச்சுல்ல அவருக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுத்தான்..."

"அம்மா, பேசாம இரும்மா."

காத்திருந்தார்கள். ஒரே ஒரு பெரிய சத்தம். அது கேட்டுவிட்டால் போதும், அந்த வீடு மறுபடி வீடாகிவிடும். பெண்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது கேட்டது.

டிக். டிக். டிக்.

மகள் தாயைப் பார்த்தாள். தாய் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த உளி எப்படிப் பேசும் என்று அவளுக்கு மனப்பாடம்.

"அது சம்மட்டி இல்லையேம்மா."

"இல்ல" என்றாள் தாய். "சின்ன உளி."

பட்டறையில் நடந்தது இதுதான். அவர் தார்ப்பாயை விலக்கினார். எங்கே அடித்தால் முழு உருவமும் ஒரே அடியில் சரியும் என்று அவருக்குத் தெரியும். இடது கணுக்கால். மொத்தக் கனமும் அங்கேதான் தொங்கியது. மழை மூட்டத்தில் இடம் சரியாகத் தெரியவில்லை. நீள ஒயரில் தொங்கிய பல்பை இழுத்துத் தரையோடு வைத்தார். அடிப்பதற்காகத்தான் வைத்தார்.

வெளிச்சம் கீழேயிருந்து படியை உரசிக்கொண்டு போனது. இத்தனை மாதம் அகப்படாதது அப்போது அகப்பட்டது. இடது காலின் சுண்டுவிரல்! அது படி விளிம்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. குதிகால் வழுக்கிக்கொண்டிருந்தது, மற்ற விரல்கள் எல்லாம் விட்டுவிட்டன, அந்த ஒரு விரல் மட்டும் விடவில்லை. அதனால்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த விரல் அப்படி இல்லை. அது எப்போதோ படியை விட்டிருந்தது.

இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடலாம், பிறகு உடைத்துவிடலாம் என்று நினைத்தார். உடைக்கப் போகிற கல்லைச் சரிசெய்வதில் என்ன லாபம் என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. சம்மட்டியைச் சாய்த்து வைத்தார். கை தானாகப் போய்ச் சின்ன உளியை எடுத்தது. பிறகு அவருக்கு மகளில்லை, மனைவியில்லை, வீடில்லை. விரலுக்கும் படிக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் நுழைய வேண்டும், அவ்வளவுதான் உலகம்.

கடைசிச் சில்லு தெறித்தது. விரல் படியை விட்டது.

அவள் விழுந்தாள். கல் இருந்த இடத்திலேயே இருந்து, முழுவதும் ஒரு மூச்சில் சரிந்தது. துணி எழும்பியது. கை வந்தது. வாழ்நாளெல்லாம் அவர் தேடியது அதுதான். அவர் தரையில் முழங்காலிட்டபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினார்.

மகள் நின்றிருந்தாள். தோளிலிருந்து பை நழுவித் தரையில் கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, அம்மாவைத் தாங்கப் போகிறவள்போல. நீட்டியது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கைகளை மெல்ல இறக்கினாள். சம்மட்டியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த உளியைப் பார்த்தாள்.

"வெறும் கல்லு" என்றாள். "கல்லைப் பார்த்து எனக்குக் கை நீளுதுப்பா. அம்மாவைப் பார்த்து உங்களுக்கு நீளலையே."

"இல்லம்மா, இந்த ஒரு விரல் மட்டும்... இதோ, இப்ப உடைச்சுடறேன், இப்பவே..." அவர் சம்மட்டியைப் பிடித்து இழுத்தார். பிடி நழுவி அது தரையில் சாய்ந்தது.

"வேணாம்ப்பா. இப்ப நீங்க உடைச்சாலும், மனசுக்குள்ள அதையேதான் பார்த்துட்டு இருப்பீங்க. நான் பக்கத்துல நின்னாலும் உங்களுக்குத் தெரியாது." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "அம்மாவுக்கு வாரத்துக்கு ஒருதடவை ஃபோன் பண்றேன். பின்னலைத் தளர்த்திப் போடுங்க. தலை வலிக்குதாம்."

உள்ளறைக்குப் போனாள். தாயின் நெற்றியில் முத்தமிட்டாள். தாய் அவள் கையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு கூடத்துக்கு வந்து, குடையை எடுத்து, வாசல் கதவைத் திறந்தாள்.

அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

ஒரு காலை வெளியே வைத்தவள், மறு காலை எடுக்காமல் நின்றாள். திரும்பவில்லை. குடையை விரிக்கவும் இல்லை. ஒரு வார்த்தைக்காக நின்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை. மன்னிச்சுடும்மா என்று ஒரு வார்த்தை. பெற்ற தகப்பனின் வாயிலிருந்து வந்தால் போதும், அந்தக் கால் உள்ளே திரும்பியிருக்கும்.

அவர் வாயைத் திறந்தார். அவர் தொண்டையில் இருந்தது அந்தப் பழைய இரண்டு வார்த்தைகள்தான். யாரையும் நிறுத்த அவருக்கு வேறு வார்த்தை பழக்கமில்லை. அதை இந்த ஜென்மத்தில் இந்தப் பெண்ணின் காதில் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

உள்ளறையில் டம்ளர் விழுந்தது. கடகடவென்று உருண்டு, அறை வாசலைத் தாண்டி, கூடம் வரை வந்தது. அவளைக் கூப்பிடுங்களேன் என்று அந்தக் கட்டிலிலிருந்து வரக்கூடிய ஒரே ஓட்டம் அது.

பழக்கதோஷத்தில் அவர் டம்ளர் பக்கம் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால், கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.